கப்பலை விட்டு இறங்காத முனி

எங்கள் வீட்டில் என்னைவிட ஒரு கப்பலுக்குத்தான் மரியாதை அதிகம். எனக்குக் காய்ச்சல் என்றால் அப்பா, "கசாயம் வச்சுக் குடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். கப்பலின் தண்ணீர்ப் பம்பு கொஞ்சம் திணறினால் மூன்று நாளைக்கு வீட்டுப் பக்கமே வரமாட்டார். அம்மா அந்தக் கப்பலுக்கு 'சின்னவ' என்று பேர் வைத்திருந்தாள். "சின்னவளுக்கு இன்னிக்கு ஒடம்பு எப்படியாம்?" என்று கேட்டுக்கொண்டே சோற்றைத் தட்டில் வைப்பாள். வைக்கிற சத்தத்திலேயே தெரியும், கேள்விக்குப் பதில் வேண்டாம் என்று.

சின்னவள் அரசாங்கச் சொத்து. கோலா சிலாங்கூர் ஆற்றுமுகத்தில், ஜெட்டி என்கிற படகுத்துறையில் கட்டிக் கிடப்பாள். கடலில் மிதக்கிற விளக்குகளைப் பழுது பார்க்கவும், தீவுகளில் இருக்கிற கலங்கரை விளக்கங்களுக்கு அரிசியும் எண்ணெயும் ஆளும் கொண்டுபோகவும் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கப்பல். ஜப்பான்காரன் வந்தபோது அவன் கையில் சிக்கக் கூடாது என்று அதில் வேலை பார்த்தவர்களே ஆற்றுச் சேற்றில் அமிழ்த்தி வைத்து, சண்டை முடிந்ததும் தூக்கி எடுத்தார்களாம். அப்பா அதில் எஞ்சின் டிரைவர். வடக்கே சபாக் போகிற வழியில் ஒரு ரப்பர் எஸ்டேட்டுக் கூலி லயத்தில் பிறந்து, எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற ஆளாகச் சேர்ந்து, டிரைவரானவர். அதற்கு மேல் போகச் சொன்னபோது, "மேல போனா எஞ்சின் கீழல்ல இருக்கும்" என்று மறுத்துவிட்டவர்.

எஞ்சின் ரூமில் ஒரு முனி இருந்தார். சேற்றிலிருந்து தூக்கிய பிறகு என்ன செய்தும் எஞ்சின் கிளம்பாமல் போக, அப்போதிருந்த டிரைவர் தன் எஸ்டேட் முனியாண்டி கோயிலிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து மூலையில் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சுருட்டுக் கொளுத்தி வைத்தாராம். எஞ்சின் உடனே கிளம்பிவிட்டதாம். உடனேயா, நாலு மெக்கானிக் வந்து பார்த்த பிறகா என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் முனிக்கு ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு. வெள்ளைக்காரக் கேப்டன் போய் மலாய்க்காரக் கேப்டன் வந்தார்; அவர் போய் இன்னொருவர் வந்தார்; யாரும் முனியை ஒன்றும் சொல்லவில்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தால் கேப்டனே மேலிருந்து குனிந்து, உங்கள் ஆள் என்ன சொல்கிறார் என்று அப்பாவைக் கேட்பாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில், படித்து முடித்து, டைப்படிக்கக் கற்று, எனக்கும் வேலை கிடைத்தது. எங்கே? அதே இலாகாவில், அதே ஜெட்டிக்கு எதிரே இருந்த சின்ன ஆபீசில், கிராணி என்கிற குமாஸ்தாவாக. மூன்று வருடம் தற்காலிகம். அதற்குப் பிறகு ஆபீஸ் பெரியவர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். லயத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம்தான். ஆனாலும் என் நாற்காலி.

மூன்றாவது வருடம் தலைமையகத்திலிருந்து ஒரு ஃபைல் வந்தது. கப்பலுக்கு வயதாகிவிட்டது, மாற்றிப் போட உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை, புதிதாக ஃபைபர் படகு வருகிறது, பழையதை உதவாது என்று கண்டம் பண்ணி விற்றுவிடு. இதை நடத்திக் கொடுக்க வேண்டிய கிராணி யார்? அந்த ஆபீசில் கிராணி என்று இருந்ததே நான் ஒருத்திதான். பெரியவர் நல்ல மனிதர், மலாய்க்காரர், சத்தம் போட்டுப் பேசியே நான் கேட்டதில்லை. ஃபைலை என் மேசையில் மெதுவாக வைத்தார். வருடக் கடைசிக்குள் இதை முடித்துவிட்டால் உன் நிரந்தரத்துக்கு இரண்டு கையாலும் எழுதுகிறேன், முடிக்காவிட்டால் நான் என்ன எழுதுவது என்று நீயே சொல் என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கும் அந்த வருடக் கடைசியோடு பென்ஷன். அது அவருக்குத் தெரியும். கப்பலுக்கும் என்பதுதான் தெரியாது.

"யாரு டைப்படிக்கறது?"

"நான்தாம்பா."

"ஒனக்கு வேற ஃபைலே கெடைக்கலியா?"

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நல்லா அடி. தப்பில்லாம அடி. மூணு காப்பி எடு" என்றாள். அவளுக்கு அன்று தீபாவளி.

அதிலிருந்து அப்பா என்னோடு நேரே பேசுவதை நிறுத்திவிட்டார். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். "அவகிட்ட சொல்லி அந்த உப்ப இப்படித் தள்ளச் சொல்லு" என்பார் அம்மாவிடம். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். அங்கிருந்து கத்துவாள்: "உப்பத் தள்ளுடி!"

ஒரு கப்பலை ஒழித்துக்கட்டுவது லேசான காரியம் என்று நினைத்திருந்தேன். ஓட்டை சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கே நாலு கேள்வி கேட்கிற அரசாங்கம் கப்பலுக்குச் சும்மா விடுமா? முதலில், இது சரித்திரம் உள்ள கப்பல், பாதுகாக்கலாமே என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. ஊரில் ஏதாவது புல்தரையில் ஏற்றி வைக்கலாம் என்று கடிதம். பெரியவரும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு புல்தரையை அளந்தோம். கப்பல் புல்தரையைவிட நீளம். மூக்கு ரோட்டுக்கு வந்துவிடும், கிள்ளான் பஸ் திரும்ப முடியாது என்று எழுதினோம். அப்படியானால் மூக்கை மட்டும் வைக்க முடியுமா என்று பதில் வந்தது. சத்தியமாக வந்தது. நானே ஃபைலில் கோத்தேன்.

கடைசியில் விற்பது என்று முடிவானது. வாங்க நினைப்பவர்கள் வந்து கப்பலைப் பார்க்கலாம் என்று விளம்பரம் கொடுத்தோம். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது எஞ்சின் டிரைவரின் வேலை. அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

முதலில் வந்தவர் கிள்ளானிலிருந்து வந்த இரும்பு வியாபாரி. அப்பா அவருக்கு மேல்தளம், கீழ்தளம், எஞ்சின் எல்லாம் பணிவாகக் காட்டினார். கடைசியாக மூலையைக் காட்டி, "இவருதான் எங்க ஓனர்" என்றார். போன மாதம் ஒருத்தன் இந்த இடத்தில் செருப்போடு நின்றான், இப்போது காலை ஊன்ற முடியாமல் கிடக்கிறான் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது. வியாபாரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெட்டியில் ஓடியதை நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டாவது வந்தவர் சுங்கை பஞ்சாங் பக்கம் நெல் மில் வைத்திருந்தவர். எஞ்சினை மட்டும் கேட்டார். அப்பா அவரிடம் எஞ்சின் வெள்ளிக்கிழமையில் தானாகவே ஓடும், நிறுத்த முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க," என்று அம்மாவிடம் கத்தினேன், "அவரு பண்றதுல எனக்கு வேல போயிடும்னு." அப்பா எதிரிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "நான் பொய் சொல்லலன்னு சொல்லு" என்றார். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய் ரேடியோவைப் பெரிதாக வைத்தாள்.

மூன்றாவதாக வந்தார் சபாக் தவுக்கே. பழைய இரும்பு வாங்கி விற்கிற சீன முதலாளி. எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன், அதனால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அப்பா வழக்கம்போல மூலையைக் காட்டியதும், இந்த மனிதர் ஓடவில்லை. செருப்பைக் கழற்றினார். கையெடுத்துக் கும்பிட்டார். பையிலிருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினார். பிறகு நேரே ஆபீசுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, கப்பல நான் எடுத்துக்கறேன். ஆனா சாமி உள்ள இருக்காரு. சாமிய இறக்காம நான் ஒரு ஆணியக்கூடத் தொடமாட்டேன் லா. மொதல்ல அவரக் கேளு. அவரு வர்றேன்னு சொல்லட்டும், மறுநாளே காசு."

பெரியவர் அவர் சொல்வது நியாயம்தான் என்று தலையாட்டினார். ஆனால் தாமதத்துக்கு என்ன காரணம் என்று தலைமையகம் கேட்கிறதே, என்ன எழுதுவது? யோசித்து யோசித்து, 'ஊழியர்களுக்குச் சொந்தமான ஒரு பொருள் இன்னும் கப்பலிலிருந்து அகற்றப்படவில்லை' என்று டைப்படித்தேன். பொருள் என்ன, எத்தனை, எந்த நிலையில் இருக்கிறது என்று பதில் வந்தது. 'கல், ஒன்று, நல்ல நிலை' என்று எழுதினேன். ஒரு கல்லைத் தூக்கிப் போட எதற்கு ஆறு வாரம் என்று அடுத்த கடிதம். அதைப் படித்துவிட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நவம்பர் பாதி ஓடிவிட்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போய், உப்பு மிளகாய் என்று பார்க்காமல் நேரே அப்பாவிடமே பேசினேன். "இன்னும் ஆறே வாரம். ஃபைல் முடியலன்னா என்னைய நிரந்தரம் பண்ணமாட்டாங்க. அப்பறம் நான் திரும்பிப் போயி எஸ்டேட்ல ரப்பர் பால் எடுக்கறேன், ஒங்களுக்குச் சந்தோசம்தானே?" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான் அழக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு நாலு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நானா முடிவு பண்ண முடியாது. பூ கட்டிப் பாப்போம். செகப்பு வந்தா முனி வரமாட்டாரு. வெள்ள வந்தா வர்றாரு. தவுக்கேவே எடுக்கட்டும்."

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் எஸ்டேட் சனத்துக்கு அன்றாட விஷயம். கல்யாணம், வீடு மாறுவது, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. பிரிக்காததை ஆற்றில் விட்டுவிடுவது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பொட்டலம் கட்டுகிற வேலையை அம்மா என் தலையில் கட்டினாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் போகிறேன். வியாழன் சாயந்தரம் வாசல் செடிகளிலிருந்து செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பறித்து வந்து எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஆடுகிற என் நாற்காலி ஞாபகம் வந்தது. செம்பருத்தியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்து, வெள்ளை நூலால் ஃபைல் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டேன். 'முனியாண்டி ஐயா, நிரந்தரம் ஆனதும் ஒரு பெட்டி சுருட்டு வாங்கித் தர்றேன், மன்னிச்சிரு' என்று வேண்டிக்கொண்டேன். அவரையே ஏமாற்றிவிட்டு அவருக்கே லஞ்சம்.

மறுநாள் விடிந்ததும் அப்பா, முனியைக் குளிப்பாட்ட வேண்டும் என்று பூத்தட்டை எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார். நான் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "நந்தியாவட்ட ஒண்ணுகூட இல்லியே! எந்தக் கழுத வந்து மேஞ்சுச்சு?" அந்தக் கழுதை நான்தான் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

எஞ்சின் ரூமில் அப்பா, தவுக்கே, நான். பெரியவர் ஜெட்டியில் நின்று, யாரும் கேட்காத ஒரு கயிற்றை வெகு கவனமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அப்பா சூடம் காட்டினார். இரண்டு பொட்டலத்தையும் முனி முன்னால் போட்டார். தவுக்கே கையைக் கழுவி, கண்ணை மூடி, ஒன்றை எடுத்தார். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். கடைசியில் பல்லால் கடித்து நூலை அறுத்து, தூ தூ என்று துப்பினார்.

"என்ன அண்ணே இது, ஒரே மண்ணெண்ணெ நாத்தம்!"

"கப்பல்னா அப்படித்தான்" என்றார் அப்பா.

இலையைப் பிரித்தார். வெள்ளை. தவுக்கே கைதட்டிவிட்டார். மேலே பெரியவர் கயிற்றைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேலே வந்து அப்பா மற்ற பொட்டலத்தை ஆற்றில் விட்டார். விழுந்த வேகத்தில் இலை கழன்று, பூ வெளியே வந்தது. தண்ணீர் மேல் வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை மிதந்து போனது. ஐயோ! அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே போனார். கல்லைத் துண்டில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். பெற்ற மகள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று தெரிந்தும் பேசாமல் போகிற மனிதரின் முதுகு அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பின்னாலேயே போய்க் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. விழவில்லை. ஆபீசுக்குப் போய் ஃபைலை முடித்தேன்.

அடுத்த வாரம் கப்பலை சபாக் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். இழுத்துப்போக ஒரு படகு ஏற்பாடு செய்திருந்தேன். அப்பா படகைத் திருப்பி அனுப்பிவிட்டு எஞ்சினைப் போட்டார். நான் டைப்படித்த ஃபாரத்தில் 'இயங்கும் நிலையில் இல்லை' என்று மூன்று காப்பியில் இருந்தது. ஒரே தடவையில் கிளம்பியது. பெரியவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கப்பல் ஆற்றுமுகம் தாண்டி வடக்கே திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன்.

அப்பா சாயந்தரம் பஸ்ஸில் திரும்பி வந்தார். அம்மா அன்று சத்தம் வராமல் சோறு வைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் தகரம் போட்டு முனியை வைத்தார். பென்ஷன் வாங்கிய மனிதருக்கு அதுதான் வேலை. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இத்தனை வருடமாக வெள்ளிக்கிழமைக்கு ஒரு சுருட்டு, இப்போது இரண்டு. "கப்பல்ல இருந்தப்ப ஒண்ணு போதும்னாரு, தரைக்கு வந்ததும் மாமனாரு கணக்கா ரெண்டு கேக்குறாரா?" என்று அம்மா முனியையே பார்த்துக் கேட்டாள். அப்பா இரண்டாவது சுருட்டையும் கொளுத்தி வைத்தார். என்னோடு நன்றாகவே பேசினார். உப்பைக்கூட அவரே எடுத்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் வலித்தது.

பிப்ரவரியில் நிரந்தரக் கடிதம் வந்தது. வேண்டுதல் ஞாபகத்தில் ஒரு பெட்டி சுருட்டு வாங்கிக்கொண்டு நேரே முருங்கை மரத்தடிக்குப் போனேன். அப்பா சுருட்டு வைக்கிற பழைய பிஸ்கட் டின் அங்கே இருந்தது. உள்ளே வைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். அடியில் இரண்டு பொட்டலம். வாழை இலை காய்ந்து கறுத்திருந்தது. வெள்ளை நூல். இரட்டை முடிச்சு. பிரிக்கவே இல்லை.

என் முடிச்சு எனக்குத் தெரியாதா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தவுக்கே கடித்த நூலின் மண்ணெண்ணெய் நாற்றமும், செடியை மேய்ந்த கழுதையும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன.

"என்ன தேடற?" பின்னால் அப்பா நின்றார். என் கையில் இருப்பதைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "அது பழசும்மா. அங்கயே வையி."

"இது நான் கட்டினதுதானேப்பா? அப்ப அன்னிக்கு தவுக்கே எடுத்தது?"

குனிந்து முனிக்கு முன்னால் கிடந்த சருகுகளைப் பொறுக்கினார். "நான் கட்டினது. எஞ்சின் ரூம்ல ஒக்காந்து, எஞ்சின் தொடைக்கற நூல வச்சுக் கட்டினேன். ரெண்டும் வெள்ளதான்."

"ஏம்பா?"

"ஏம்பான்னா? செகப்பு வந்துட்டா? முனிக்கு என்னா, கப்பல்லயும் இருப்பாரு, முருங்க மரத்தடியிலயும் இருப்பாரு. ஒனக்கு இருக்கறது அந்த ஒரு நாக்காலிதானே." பொறுக்கிய சருகை ஓரமாகப் போட்டுவிட்டு, "நீ ஒழுங்கா கட்டிக் குடுத்தத மாத்தி வச்சு அவரையும் ஏமாத்திட்டேன், ஒன்னையும் ஏமாத்திட்டேன். ஆத்துல பூ மெதந்தப்ப நீ பாத்துட்டியோன்னு ஒரே பயம். அதான் அவருக்கு வாரத்துக்கு ரெண்டு சுருட்டு" என்றார்.

ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தேனாம். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று இப்போது ஞாபகம் இல்லை. "அப்பா, இதப் பிரிங்க."

"வேணாம்மா."

"பிரிங்கன்னா பிரிங்க."

முடிச்சோடு கொஞ்சநேரம் போராடினார். ஒன்றைப் பிரித்தார். பூ காய்ந்து பழுப்பாகிப் போயிருந்தாலும் நந்தியாவட்டை நந்தியாவட்டைதான். இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் செம்பருத்தியின் நீள நாக்கு எங்கும் இல்லை. இந்த இலையைப் பார்த்தார், அந்த இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயுமா?"

"நானும்தான்."

"அடிப்பாவி!" என்று ஆரம்பித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "அப்பனுக்கும் மகளுக்கும் அங்க என்ன கூத்து?" என்று கத்தினாள். திடீரென்று அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கல்லின் பக்கம் திரும்பினார்.

"அப்ப முனிய யாருமே கேக்கவே இல்லியா?"

நான் கையிலிருந்த பெட்டியைத் திறந்து நீட்டினேன். அப்பா எண்ணாமல் எடுத்தார். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகக் கொளுத்தி முனிக்கு முன்னால் வைத்தோம். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை.